42 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் ரேஸுக்கு பழகுறப்போ எங்க வலிச்சா எதப் பாக்கணும்

பெர்லின் மாரத்தான் தெரியாதவங்க கம்மி. ஆனா ஓடுறவங்க ஞாயித்துக்கிழமை ஓடுறதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அதே ரோட்டுல அதே 42.195 கிலோமீட்டரும் காலுல சக்கரத்த கட்டிக்கிட்டு ஆயிரக்கணக்கானவங்க போறாங்கன்னு நம்மாளுங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்குறாங்க. 1997லருந்து நடக்குது இந்த இன்லைன் மாரத்தான், சக்கரமெல்லாம் ஒரே வரிசைல இருக்குற ஸ்கேட்டுக்குத்தான் இன்லைன்னு பேரு. நான் வேலைக்காக இங்க பெர்லினுக்கு வந்தவ, 37 வயசுல மொத தடவையா ஸ்கேட் போட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ரேஸ முடிச்சேன். ஊர்ல அம்மா போன்ல "என்னடி இது, ரெண்டு பிள்ள பெத்துட்டு காலுல சக்கரம் கட்டிக்கிட்டு திரியுற"ன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுட்டுதான் இருக்காங்க.

இதுல டைமிங் எப்படி கொறைக்குறதுன்னு எல்லாம் இருக்காது. பழகுறப்போ என்னென்ன வலிக்கும், என்னென்ன சத்தம் வரும், எங்க மாட்டிக்குவோம், அப்போ முதல்ல எதப் பாக்கணும்ங்கறதுதான். உங்களுக்கு எது இருக்கோ அங்க நேரா போயிடுங்க. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன், எனக்கு வந்த பிரச்சினைல முக்கால்வாசிக்கு நான் முதல்ல கடைக்குத்தான் ஓடுனேன், புது இன்சோல் (ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடில போடுறது), புது வீல், புது பேரிங் (வீல் நடுவுல இருந்து அத சுத்த வைக்குற வளையம்). கடைசில பாத்தா முழங்கால மடக்காம விறைச்சுக்கிட்டு நின்னதுதான் காரணம். அதனால ஒவ்வொண்ணுலயும் காசில்லாம பாக்க வேண்டியத முதல்ல சொல்றேன், பர்ஸ கடைசியா திறங்க.

பத்து நிமிஷத்துலயே உள்ளங்கால் பத்திக்கிட்டு எரியுது, விரல் மரத்துப் போகுது

புதுசா வர்ற எல்லாருக்கும் வர்றது இது. முதல்ல ஓரமா உக்காந்து லேஸ அவுருங்க. விரல் பக்கம் இருக்குற லேஸ நல்லா தளர்த்திட்டு, கணுக்கால் கிட்ட இருக்குறதையும் குதிகால பின்னாடி இழுத்துப் பிடிக்குற நடு பக்கிளயும் மட்டும் இறுக்குங்க. குதிகால ஷூவோட பின்பக்கம் ரெண்டு தட்டு தட்டி உக்கார வச்சிட்டு அப்புறம் கட்டணும், இத நிறைய பேர் பண்றதில்ல. மறுபடி அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. மரத்துப் போனது சரியாயிடுச்சுன்னா லேஸ்தான் காரணம், விஷயம் முடிஞ்சுது.

எரிச்சல் மட்டும் அப்படியே இருக்குன்னா உள்ள விரல் என்ன பண்ணுதுன்னு கவனிங்க. பயத்துல நம்ம விரலெல்லாம் பல்லி சுவத்தப் பிடிக்குற மாதிரி இன்சோல பிடிச்சுக்கிட்டு இருக்கும், நமக்கே தெரியாது. ஓட்டிக்கிட்டே விரல கொஞ்சம் மேல தூக்கி ஆட்டிப் பாருங்க, ஆட்ட முடியலன்னா உடம்போட வெயிட்டு மொத்தமும் முன்பாதத்துல இருக்குன்னு அர்த்தம். முழங்கால மடக்கி, வெயிட்ட குதிகாலுக்கும் நடுப்பாதத்துக்கும் கொண்டு வாங்க. இதுக்கும் அடங்கலன்னா பாதத்துல இருக்குற சின்ன சின்ன தசைக்கு இன்னும் பழக்கம் வரல, அவ்ளோதான், மூணு நாலு வாரம் குடுங்க. ஒரு மாசத்துக்கு அப்புறமும் அதே இடத்துல அதே வலின்னா ஷூ அகலம் உங்க காலுக்கு ஒத்து வரலன்னு அர்த்தம், அப்பதான் கடை. நம்ம காலு பல பேருக்கு முன்னாடி அகலம், சின்ன வயசுலருந்து செருப்புல வளந்த காலு, இங்க விக்குற ஒடுக்கமான ஷூ ஒத்துக்காது.

கணுக்கால் உள்பக்கமா சாயுது

ஸ்கேட்ட கழட்டி தலைகீழா கவுத்து வீல பாருங்க. உள்பக்கம் மட்டும் தேஞ்சு கத்தி மாதிரி ஆகி, வெளிப்பக்கம் புதுசா அப்படியே இருக்கா? அப்போ நீங்க எந்நேரமும் உள் விளிம்புலதான் நிக்குறீங்க. முதல் மூணு மாசத்துல என் வீல் அப்படித்தான் இருந்துச்சு, கடைல இருந்த பையன் அதப் பாத்துட்டு எதுவும் சொல்லாம சிரிச்சான்.

ஒரு டெஸ்ட் இருக்கு. தரைல இருக்குற ஒரு கோட்டு மேல ஒத்தக் கால்ல எவ்ளோ தூரம் நேரா போக முடியுதுன்னு பாருங்க. கோட்ட விட்டு உடனே உள்பக்கமா வளைஞ்சு போறீங்கன்னா பேலன்ஸ்தான் பிரச்சினை, ஷூவ குத்தம் சொல்லாதீங்க. தினம் பல்லு விளக்குறப்போ ஒத்தக் கால்ல நில்லுங்க, முழங்கால லேசா மடக்கி, ஒரு காலுக்கு ஒரு நிமிஷம். கண்ண மூடிக்கிட்டு நிக்க முடிஞ்சா இன்னும் நல்லது. ஆறு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

ஒரு காலு மட்டும் சாயுது, இன்னொன்னு நல்லா இருக்குன்னா அது வேற கதை. ரேஸ் மாதிரி ஸ்கேட்ல ஃப்ரேம, அதாவது வீலெல்லாம் மாட்டியிருக்குற சட்டத்த, ஷூவுக்கு அடில இடது வலதா கொஞ்சம் நகர்த்தி மாட்ட முடியும். உள்பக்கமா சாயுற காலுக்கு ஃப்ரேம உள்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளுங்க, ஒரு தடவைக்கு அவ்ளோதான், அப்புறம் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுதான் அடுத்தது. நான் ஒரே நாள்ல மூணு தடவை மாத்தி எது நல்லா இருந்துச்சுன்னே மறந்து போய் மறுபடி நடுவுலயே வச்சேன்.

வீல் தேய்மானத்துக்கு, நாலு வீல் ஸ்கேட்டுன்னா ஒண்ணாவது மூணாவதையும், ரெண்டாவது நாலாவதையும் இடம் மாத்தி, தேஞ்ச பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மாட்டுங்க. மாசம் ஒரு தடவை பண்ணா போதும்.

கொப்புளம்

எங்க வருதுன்னு பாத்தாலே பாதி பதில் கிடைச்சுடும். குதிகால்ல வந்தா உள்ள கால் மேல கீழ ஏறி இறங்குது, ஷூ பெருசு இல்லன்னா கட்டினது சரியில்ல. கணுக்கால் எலும்பு மேல வந்தா ஷூ அந்த இடத்துல அழுத்துது, சில ஷூவ சூடு பண்ணி அந்த இடத்த மட்டும் வெளிய தள்ளி வளைக்கலாம், ஆனா உங்க ஷூ அதுக்கு செஞ்சதான்னு பாத்துட்டு பண்ணுங்க, எல்லா ஷூவையும் அடுப்புல வைக்க முடியாது. உள்ளங்கால் வளைவுல வந்தா சாக்ஸ் சுருங்குது. தடிமனான காட்டன் சாக்ஸ் வேண்டவே வேண்டாம், வேர்வைய குடிச்சு ஊறிப் போய் அதுவே தோல உரிச்சுடும், மெல்லிசா ஒட்டிப் பிடிக்குற சிந்தெடிக் சாக்ஸ் போடுங்க.

முன்னாடியே எங்க வரும்னு தெரிஞ்ச இடத்துல கிளம்பும்போதே டேப் ஒட்டிடுங்க. சூடு தெரிய ஆரம்பிச்ச உடனே நிறுத்தி ஒட்டுனாலும் தப்பிச்சுக்கலாம், "இன்னும் ரெண்டு ரவுண்டு"ன்னு போனா ஒரு வாரம் போச்சு.

இடுப்பு போச்சு, 15 கிலோமீட்டருக்கு மேல குனியவே முடியல

இதுக்குதான் நான் ரொம்ப கஷ்டப்பட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். லாங் டிஸ்டன்ஸ்ல புதுசா வர்றவங்கள நிறுத்துறது மூச்சோ தொடையோ கிடையாது, கீழ் முதுகுதான். ஓடுறப்போ நிமிந்து ஓடுறோம், சைக்கிள்ல ஹேண்டில்பார் தாங்கும். ஸ்கேட்டிங்ல ரெண்டு மணி நேரம் ஒண்ணையும் பிடிக்காம குனிஞ்சே இருக்கணும், உடம்போட மேல்பாதிய முதுகுதான் சுமக்குது.

முதல்ல கண்ணாடி முன்னாடி சைடா நின்னு ஸ்கேட் பண்ற மாதிரி குனிஞ்சு பாருங்க. பெரும்பாலும் காலு நேரா கம்பு மாதிரி இருக்கும், இடுப்புல இருந்து மட்டும் மடிஞ்சிருப்பீங்க, களை எடுக்குறவங்க மாதிரி. இந்த நிலைல மொத்த சுமையும் கீழ் முதுகுல. இப்போ குனியறத விட்டுட்டு உக்காருங்க. பின்னாடி ஒரு முக்காலி இருக்குன்னு நெனச்சுக்கிட்டு உக்காரணும், முழங்கால் முன்னாடி வரணும், கீழ பாத்தா முழங்கால் உங்க ஷூ முனைய மறைக்கணும். மறைக்கலன்னா இன்னும் மடக்கல. முதுகு பலகை மாதிரி விறைப்பா இருக்க வேணாம், பூனை முதுகு மாதிரி லேசா வளைஞ்சு தளர்வா இருந்தா போதும், ரேஸ் போறவங்க எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க.

இப்போ தொடை எரியும். எரியட்டும், அதான் சரி. தொடை பெரிய தசை, பழக்குனா தாங்கும், கீழ் முதுகு தாங்காது. செவுத்துல முதுகு சாச்சு நாற்காலில உக்காந்த மாதிரி நில்லுங்க, முதல் நாள் 30 செகண்டு, போகப் போக ரெண்டு நிமிஷம். வாரத்துல மூணு நாள் அது, கூடவே பிளாங்க் (குப்புற, முழங்கையும் கால் விரலும் மட்டும் ஊனி உடம்ப நேரா வச்சிருக்குறது), மல்லாந்து படுத்து இடுப்ப தூக்குறது. நான் சாதம் வேகுற நேரத்துல கிச்சன் செவுத்துல பண்ணுவேன், குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும், பிள்ளைங்க வந்து வேடிக்கை பாத்துட்டு போகும்.

ஓட்டும்போது பண்ண வேண்டியது: ஒரு கைய மடக்கி முதுகுக்குப் பின்னாடி வச்சுக்குங்க, ரெண்டையும் வச்சுக்கிட்டாலும் சரி. ஸ்டைலுக்குன்னு நெனச்சேன், இல்ல, தோளும் முதுகும் நிஜமாவே இளகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலஞ்சு தள்ளு நிமிந்து தள்ளிட்டு மறுபடி உக்காருங்க. வலி வந்தப்புறம் நிமிர்றதுல புண்ணியமில்ல, வர்றதுக்கு முன்னாடி நிமிரணும். ஒண்ணு கவனிங்க, வலி காலுக்குள்ள மின்சாரம் மாதிரி இறங்குது இல்ல கால் மரத்துப் போகுதுன்னா இது பழக்கத்துல போற வலி இல்ல, டாக்டர பாருங்க.

எவ்ளோ தள்ளுனாலும் வேகம் வரல

ஓட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு கண்டிப்பா இருக்கும். நடக்குறப்பவும் ஓடுறப்பவும் கால பின்னாடி தள்ளுறோம். சக்கரம் பின்னாடி தள்ளுனா பின்னாடியே உருண்டு போயிடும், அதுல பிடிமானமே கிடையாது. தள்ள வேண்டியது பக்கவாட்டுல. கதவு மூடுறப்போ கைல சாமான் இருந்தா கால வச்சு சைடுல தள்ளுவோம்ல, அந்த மாதிரி.

சத்தத்த கேளுங்க. ஒவ்வொரு தள்ளு முடிவுலயும் "சரக்"னு ஒரு சத்தம் வந்தா கடைசி நேரத்துல முனைவீல் மட்டும் தரைய பிராண்டுது, நீங்க இன்னும் பின்னாடிதான் தள்ளுறீங்க. எல்லா வீலும் ஒரே நேரத்துல தரைய விட்டு கிளம்பணும், குதிகாலால தள்ளுற மாதிரி நெனச்சுக்கிட்டா தானா வரும்.

ரெண்டாவது, ஒரு காலுலருந்து இன்னொரு காலுக்கு வெயிட்டு முழுசா போகுதா? மூக்கு, முழங்கால், ஷூ முனை மூணும் ஒரே கோட்டுல, எந்தக் கால் உருளுதோ அதுக்கு மேல இருக்கணும். பயத்துல நாம ரெண்டு காலுக்கும் நடுவுலயே நின்னுக்கிட்டு சும்மா சைடுல தட்டிட்டு இருப்போம். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல எத்தனை தள்ளுன்னு எண்ணுங்க, அதுதான் நல்ல அளவுகோல். டெம்பல்ஹோஃப்ல ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஆரம்பத்துல எனக்கு 62 தள்ளு ஆச்சு, ரெண்டு மாசத்துல 41க்கு வந்துச்சு, அதே வீல், அதே பேரிங்.

டெம்பல்ஹோஃப் தெரியாதவங்களுக்கு: அது பழைய ஏர்போர்ட், 2008ல மூடுனாங்க, 2010லருந்து பொதுமக்களுக்கு பார்க்கா திறந்து விட்டுட்டாங்க. விமானம் ஓடுன ரன்வேல நாம ஸ்கேட் போடலாம், சுத்தி வந்தா ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், வண்டி கிடையாது, சிக்னல் கிடையாது. ஆனா காத்து! ஒரு பக்கம் தள்ளவே வேணாம், திரும்புனா அழுகை வரும். வேகம் வரலன்னு புலம்புறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் காத்துன்னு பாத்துட்டு புலம்புங்க. பொழுது சாஞ்சா கேட்ட பூட்டிடுவாங்க, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க, நான் ஒரு தடவை சுழல்கேட் வழியா ஸ்கேட்டோட தடவித் தடவி வெளிய வந்திருக்கேன்.

இதெல்லாம் சரி பண்ணியும் வேகம் போதலன்னா வீல் சைஸ். சும்மா ஓட்டுற ஸ்கேட்ல 80 எம்எம் நாலு வீல் இருக்கும், அதுல 42 கிலோமீட்டர் போக முடியும், ஆனா போர் அடிக்கும். 90 எம்எம் நாலு இல்ல 110 எம்எம் மூணு, கணுக்கால பிடிக்குற உசரமான ஷூவோட, முதல் ரேஸுக்கு இது தாராளம். 125 எம்எம் வீலும் கணுக்காலுக்குக் கீழயே முடியுற ரேஸ் ஷூவும் அழகாத்தான் இருக்கும், ஆனா வீல் பெருசாக பெருசாக காலு தரையிலருந்து உசந்துகிட்டே போகும், ஏற்கனவே சாயுற கணுக்கால் இன்னும் சாயும். டபுள் புஷ்னு ஒண்ணு சொல்லுவாங்க, உள்பக்கமா இழுத்து அப்புறம் வெளிய தள்ளுறது, அமெரிக்கக்காரர் சாட் ஹெட்ரிக் 90கள்ல பிரபலமாக்குனது. முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாதீங்க.

நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பர்ல சீனால பெய்டைஹேல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல 1000 மீட்டர்ல தங்கம், அதே 42 கிலோமீட்டர் மாரத்தான்லயும் தங்கம் வாங்குனாரு. கிரிக்கெட்டுக்கு வெடி வெடிக்குற ஊர்ல இதுக்கு ஒரு ஊசி வெடி கூட வெடிச்ச மாதிரி தெரியல. அவர் வீடியோ கிடைச்சா முகத்தையும் வேகத்தையும் விட்டுட்டு முழங்கால் எவ்ளோ மடங்கியிருக்குன்னு மட்டும் பாருங்க.

ஒரு வீல் சுத்த மாட்டேங்குது, இல்ல கிர்ர்னு சத்தம்

முதல்ல வீல ஃப்ரேமோட பிடிச்சிருக்குற ஆக்ஸில் ஸ்க்ரூவ கால் சுத்து தளர்த்துங்க. சுத்த ஆரம்பிச்சா ஓவரா இறுக்கிட்டீங்க, அவ்ளோதான். ஆனா வீல் இடம் வலமா ஆடக் கூடாது, ஆட்டம் நிக்குற அளவுக்கு மட்டும் இறுக்கம். இருந்தும் சத்தம் வந்தா அந்த வீல கழட்டி வேற இடத்துல மாட்டிப் பாருங்க, சத்தமும் கூடவே வந்தா பேரிங், அங்கயே நின்னுட்டா ஃப்ரேம் இல்ல ஆக்ஸில்.

பேரிங் எல்லாம் 608ன்னு ஒரே சைஸ், வெளிய 22 எம்எம், நடு ஓட்டை 8 எம்எம், தடிமன் 7. ஒரு வீலுக்கு ரெண்டு, நடுவுல ஸ்பேசர்னு ஒரு குட்டிக் குழாய். அத தொலைச்சுடாதீங்க, கழட்டறப்போ தரைல "டிங்"னு உருண்டு அலமாரிக்கு அடில போகும்.

கழுவுறது இப்படி. ரப்பர் மூடி போட்ட பேரிங்னா ஒரு ஊக்கு முனைய ஓரத்துல விட்டு லேசா நெம்புனா மூடி பொளக்குனு வந்துடும், குத்தி கிழிச்சுடாம பாத்துக்குங்க. உள்ள ஏழு குட்டி குண்டு தெரியும், சுத்தி கருப்பா மை மாதிரி. பழைய ஜாம் பாட்டில்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊத்தி எல்லாத்தையும் போட்டு மூடி ரெண்டு நிமிஷம் குலுக்குங்க. காபி டிகாஷன் மாதிரி ஆயிடும். அத கொட்டிட்டு புதுசா ஊத்தி இன்னொரு தடவை. துணி மேல தட்டித் தட்டி நல்லா காய விடுங்க, காயாம எண்ணெய் விட்டா பிரயோசனமில்ல. அப்புறம் பேரிங்குக்குன்னே விக்குற எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சுனா ரெண்டு, விரல்ல வச்சு சுத்தி மூடிய அழுத்திடுங்க. ஜன்னல திறந்து வச்சுட்டு பண்ணுங்க, அடுப்பு பக்கத்துல வேணாம்.

எண்ணெய்ன்ன உடனே ஒரு கூத்து. முதல் வருஷம் வீட்டுல பேரிங் ஆயில் இல்ல, எண்ணெய் எண்ணெய்தானேன்னு தேங்காய் எண்ணெய் விட்டேன். வீட்டுக்குள்ள சூப்பரா சுத்துச்சு, வாசமும் வந்துச்சு. வெளிய அக்டோபர் மாசம் எட்டு டிகிரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும்னு தெரியாதவளா நான், தினம் காலைல பாட்டில ரேடியேட்டர் மேல வச்சு உருக்குறவதான். ரன்வேல போய் ரெண்டு தள்ளு தள்ளுனேன், யாரோ பின்னாடி இருந்து பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. 16 பேரிங்கையும் அன்னைக்கு ராத்திரி உக்காந்து கழுவுனேன்.

ஏபெக் 7, ஏபெக் 9னு கூட காசு கேப்பாங்க. அது பேரிங் செய்யுற துல்லியத்தோட கணக்கு, நம்ம வேகத்துக்கு வித்தியாசமே தெரியாது. சுத்தமான சாதா பேரிங் அழுக்கான விலை உசந்த பேரிங்க தோக்கடிச்சுடும். கைல சுத்திவிட்டு எத்தனை நிமிஷம் சுத்துதுன்னு பாத்து பெருமைப்படுறதும் வேஸ்ட், மேல நம்ம வெயிட்டு ஏறுனாதான் அதோட லட்சணம் தெரியும்.

நிறுத்தத் தெரியல

அப்போ மாரத்தான் பத்தி இப்போ யோசிக்காதீங்க. ஹீல் பிரேக் இருந்தா கழட்டாதீங்க, கழட்டுனாதான் கெத்துன்னு சொல்றவன நம்பாதீங்க. பிரேக் இருக்குற கால முன்னாடி நீட்டி, பின்னாடி முக்காலில உக்காந்து, விரல தூக்குனா பிரேக் தரைல உரசும். உக்காராம விரல மட்டும் தூக்குனா மல்லாக்க விழுவீங்க. பின்னங்கால குறுக்க வச்சு இழுக்குற டி-ஸ்டாப்பும் பழகுங்க, ஆனா அது வீல தின்னும். காலி இடத்துல ஒரு கோடு பாத்து வச்சு, அதுக்குள்ள நிக்குறேனான்னு வேகத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. ஜெர்மனில சட்டப்படி ஸ்கேட் போட்டவங்களும் பாதசாரி மாதிரிதான், தனி போர்டு வச்ச இடம் தவிர நடைபாதைலதான் போகணும், அங்க குழந்தை, நாய், பாட்டி எல்லாம் வரும், அதனால நிறுத்தத் தெரியாம வீட்டு வாசல தாண்டாதீங்க.

விழுந்துட்டேன்

விழாம யாரும் கத்துக்கல. ஹெல்மெட் எப்பவும், பழகுறப்போ மணிக்கட்டு கார்டும் முட்டி பேடும் கண்டிப்பா. தோல் உரிஞ்சா தண்ணில மண்ணு போற வரைக்கும் நல்லா கழுவிட்டு மூடி வைங்க, மஞ்சத்தூள் பூச வேணாம். கைய ஊனி விழுந்து, கட்டைவிரல தூக்குனா அதுக்கு அடில மணிக்கட்டுல ஒரு குழி விழும்ல, அந்தக் குழிய அழுத்துனா வலிச்சா சுளுக்குன்னு விட்டுடாதீங்க. அங்க ஒரு சின்ன எலும்பு இருக்கு, அது ஒடைஞ்சா முதல் எக்ஸ்ரேல சில சமயம் தெரியாமலே போகும், அதனால வலி நிக்கலன்னா மறுபடி போய் காட்டுங்க. தலைல அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பம்னா நேரா ஆஸ்பத்திரி.

20 கிலோமீட்டர் வரைக்கும் ராணி, 25ல பிச்சைக்காரி

ரெண்டு காரணம்தான். ஒண்ணு பயிற்சி தூரம் போதல. 12 வாரம் வச்சுக்குங்க, வாரம் மூணு நாள் போதும். ஒரு நாள் டெக்னிக் மட்டும், மெதுவா, ஒரு மணி நேரம். ஒரு நாள் வேகம், அஞ்சு நிமிஷம் அழுத்தி மூணு நிமிஷம் ஆத்தி, அஞ்சு தடவை. வார கடைசில நீளம், பேசிக்கிட்டே போற வேகத்துல. நீளத்த 12 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு வாரம் மூணு நாலு ஏத்துங்க, நாலாவது வாரம் கொறைச்சுக்குங்க, ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடி 32லருந்து 35 ஒரு தடவை தொட்டா போதும், முழு 42 முன்னாடியே போக வேண்டிய அவசியமில்ல. நீளத்துக்கு நான் பெர்லினுக்கு தெக்க இருக்குற ஃப்ளேமிங் ஸ்கேட்டுக்கு ரயில்ல போவேன், லுக்கன்வால்ட, யூட்டர்போக் பக்கம், ஸ்கேட்டுக்குன்னே 230 கிலோமீட்டர் கிட்ட வழவழன்னு பாதை போட்டு வச்சிருக்காங்க, காடு, வயல், சின்ன சின்ன ஊரு, ஒரே வட்டத்துல சுத்தி சுத்தி பைத்தியம் பிடிக்காது.

ரெண்டாவது சாப்பாடு. புதுசா போறவங்களுக்கு ரெண்டு மணி நேரம் பக்கம் ஆகும், முதல் மணி நேரம் உடம்புல இருக்குறது ஓட்டும், அப்புறம் உள்ள எதுவும் போடலன்னா டாங்க் காலி. மணிக்கு 30லருந்து 60 கிராம் மாவுச்சத்து வேணும், ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராம் மேல இருக்கு. பசிக்குறதுக்கு முன்னாடியே, 40 நிமிஷத்துலயே ஆரம்பிச்சிடுங்க. நான் ஊர்லருந்து வந்த கடலைமிட்டாய கொண்டு போனேன், வாய் காஞ்சு கிடக்குறப்போ அது பல்லுல ஒட்டிக்கிட்டு மூச்சும் விட முடியாம மெல்லவும் முடியாம, வேணாம். பேரீச்சம்பழம் பரவால்ல. எதுவா இருந்தாலும் பயிற்சில தின்னு பாத்ததத்தான் ரேஸ்ல தின்னணும்.

கூட்டத்துக்குள்ள போனா பயமா இருக்கு

பயந்து தனியா போனா காத்து மொத்தமும் உங்களுக்கு. முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒட்டிப் போனா அதே வேகத்துக்கு ரொம்ப கம்மியா உழைச்சா போதும், வரிசையா ரயில் மாதிரி போறாங்களே அது அதுக்குத்தான். ஒரு மீட்டர் இடைவெளி, முன்னாடி இருக்குறவர் எந்தக் கால் தள்ளுறாரோ அதே கால் நீங்களும், இல்லன்னா வீலும் வீலும் மாட்டிக்கும். அவர் காலையே பாத்துட்டு இருக்காம தோளுக்கு மேல தூரமா பாருங்க. திடீர்னு பிரேக் போடாதீங்க, கொஞ்சம் நிமிந்து நின்னாலே காத்து உங்கள மெதுவாக்கிடும். நீங்க முன்னாடி வந்தா பள்ளம், தண்டவாளம் எது வந்தாலும் கத்தி சொல்லுங்க, எந்த மொழில கத்துனாலும் புரிஞ்சுக்குவாங்க, நான் ஒரு தடவை "அய்யய்யோ"ன்னு கத்துனதுக்கே ஆறு பேர் ஒதுங்குனாங்க. ரேஸுக்கு முன்னாடி நாலஞ்சு தடவையாவது கூட்டமா ஓட்டிப் பழகிடுங்க.

மழை

செப்டம்பர் பெர்லின், சொல்லவே வேணாம். ஈரத்துல தார் ரோடு பரவால்ல, வழுக்குறது பெயிண்ட் அடிச்ச கோடு, சாக்கடை மூடி, டிராம் தண்டவாளம். மாரத்தான் பாதைல ஓடுறவங்களுக்காக நீலக் கோடு ஒண்ணு போட்டிருப்பாங்க, மழைல அது மேல தள்ளாதீங்க, உருண்டு கடந்துடுங்க. தள்ளு சின்னதா, கால் உடம்புக்கு அடிலயே இருக்கட்டும். தண்டவாளத்த சாய்வா இல்லாம குறுக்க நேரா தாண்டுங்க.

ரேஸ் நாள் எல்லாமே தப்பா இருக்குற மாதிரி தோணுது

ஷூ இறுக்கமா இருக்கு, வீல் சத்தம் போடுது, தொடை கனமா இருக்கு. ஒண்ணையும் தொடாதீங்க. முந்தின வாரம் புது வீல், புது சாக்ஸ், புது ஃப்ரேம் செட்டிங் எதுவும் கூடாதுன்னு சொல்லியும் நான் முந்தின நாள் ராத்திரி லேஸ் மாத்துனேன், புது லேஸ் வழவழன்னு இருந்து எட்டாவது கிலோமீட்டர்ல அவுந்துச்சு, ஓரமா உக்காந்து கட்டுறதுக்குள்ள என் ரயில் போயிடுச்சு. ஆரம்பத்துல எல்லாரும் பறப்பாங்க, விடுங்க, முதல் பத்து கிலோமீட்டர் "இவ்ளோ மெதுவாவா"ன்னு தோணுற வேகத்துலயே போங்க. கடைசில உன்டர் டென் லிண்டன்ல திரும்புனா நேரா பிராண்டன்பர்க் வாசல் தெரியும், அதான் முடிவுன்னு அங்கயே மொத்த உயிரையும் குடுத்துடாதீங்க, வாசலுக்கு அப்புறமும் சில நூறு மீட்டர் இருக்கு. கோட்ட தாண்டுன உடனே நிக்காதீங்க, பின்னாடி வர்றவங்க உங்க மேல ஏறுவாங்க, உருண்டுகிட்டே ஓரம் போங்க.

மழைல ஓட்டியிருந்தா எவ்ளோ களைச்சு வந்தாலும் அன்னைக்கே வீல கழட்டி பேரிங்க எடுத்து துணி மேல போட்டுட்டு படுங்க. நான் மெடல கழுத்துல போட்டுக்கிட்டே தூங்கிட்டேன், திங்கக்கிழமை பாத்தா 16ல 11 துரு.